லாமோட்ரிஜின் மாத்திரை: படிப்படியாகக் கூட்டுவதும், விட்டுப்போனால் செய்ய வேண்டியதும்

எனக்கு பைபோலார் (மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நோய்) இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது, லாமோட்ரிஜின் சாப்பிட ஆரம்பித்து நாலு வருடம். நடுவில் ஒருமுறை ஒன்பது நாள் மாத்திரை விட்டுப்போய், திரும்ப எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பெரிய தப்பு பண்ணிவிட்டேன். அந்தத் தப்பை இன்னொருவர் பண்ணக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வது உங்கள் டாக்டர். நான் சொல்வதெல்லாம் அவர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு நம் வீட்டில், நம் கையில் நடக்க வேண்டியவை.

முதல் தடவை வாங்கியபோது கடைக்காரர் "ஃபிட்ஸ் மாத்திரையா?" என்று கேட்டதும் கூட வந்த அம்மா ஆடிப்போய்விட்டார். பயப்பட வேண்டாம். இது வலிப்புக்காக வந்த மருந்துதான், அமெரிக்காவில் 1994-இல் வலிப்புக்கும் 2003-இல் பைபோலாருக்கும் அனுமதி கொடுத்தார்கள். மனம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவதில் இது நல்ல மருந்து. வால்புரோயேட், கார்பமசெபின் மாதிரி இன்னும் சில வலிப்பு மருந்துகளும் இரண்டு நோய்க்கும் கொடுக்கப்படுகின்றன. வலிப்புக்குச் சாப்பிடுபவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

1. டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன்

ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். வால்புரோயேட் கூட இருந்தால் லாமோட்ரிஜின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், அதனால் பாதி அளவில் தொடங்குவார்கள். கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் இருந்தால் நேர்மாறு, சீக்கிரம் கரைந்துபோகும், அளவு கூடுதலாகத் தேவைப்படும். வேறு டாக்டர் கொடுத்தது, நாட்டு மருந்து, எல்லாமே இந்தக் கணக்கில் வரும். நான் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு மேசை மேல் கொட்டிவிடுவேன். பேர் சொல்லி ஞாபகப்படுத்துவதை விட இது எவ்வளவோ மேல்.

2. காலண்டரில் எழுதுங்கள்

வேறு வலிப்பு மருந்து எதுவும் இல்லாத பெரியவருக்கு வழக்கமான ஏற்றம் இப்படி இருக்கும்: முதல் இரண்டு வாரம் தினம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, அப்புறம் ஒரு வாரம் 100, அதன்பின் 200. வால்புரோயேட் கூட இருந்தால் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25, அடுத்த இரண்டு வாரம் தினம் 25, பிறகுதான் 50, 100 என்று போகும். உங்கள் சீட்டில் முதல் நாளே இதைவிட அதிகமாக இருந்தால், மாத்திரையைப் போடும் முன் டாக்டரிடமே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் மூன்று செயலிகள் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒத்துவரவில்லை. ஒன்று அளவு மாறும்போதெல்லாம் புதிதாகப் பதியச் சொன்னது, இன்னொன்று நான் மாத்திரையைத் தொடாமலே விரலை இழுத்து அறிவிப்பைத் தள்ளிவிட்டால் "சாப்பிட்டாயிற்று" என்று எடுத்துக்கொண்டது. கடைசியில் சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர்தான் சரிப்பட்டது. ஆறு வாரத்துக்கும் அன்றன்றைய அளவைக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் 25, 25, 50 என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். விழுங்கிய பிறகுதான் பேனாவால் ஒரு வட்டம். எத்தனை நாள் விட்டது என்று கேட்டால் வட்டமில்லாத கட்டங்களை எண்ணினால் போதும். அந்த எண்ணிக்கைதான் இந்த மருந்துக்கு உயிர்நாடி, ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

3. தோலைப் பாருங்கள்

இவ்வளவு மெதுவாக ஏற்றுவதற்குக் காரணமே தோல்தான். சாப்பிடுபவர்களில் பத்துக்கு ஒருவருக்கு ஏதாவது ஒரு தடிப்பு வரலாம், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர் என்ற அளவில் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் போன்ற கடுமையான பாதிப்பு வரும், தோல் வெந்த மாதிரி உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் தெரிந்துவிடும். வேகமாக அளவைக் கூட்டினாலோ, வால்புரோயேட் கூட இருக்கும்போது கவனிக்காமல் விட்டாலோ வாய்ப்பு கூடுகிறது.

நான் தொடங்கியது சித்திரை மாதம். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. இது வேர்க்குருவா மருந்தா என்று தெரியாமல் இரண்டு நாள் தூக்கமே இல்லை. அதனால் சொல்கிறேன்: தொடங்கும் முன்பே கை, கழுத்து, முதுகு எல்லாம் பகல் வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் புது சோப்பு, புது தலைச்சாயம், இதுவரை சாப்பிட்டுப் பார்க்காத மீன் வகை எதுவும் வேண்டாம். பிறகு ஏதாவது பொரிந்தால் எதனால் என்று குழம்ப வேண்டியிருக்காது.

தடிப்பு எதுவானாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். கூடவே காய்ச்சல், வாய்க்குள் புண், கண் சிவப்பது, முகம் வீங்குவது, கழுத்தில் நெறி கட்டுவது, தோலைத் தொட்டாலே வலிப்பது என்று ஏதாவது இருந்தால் மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.

4. விட்டுப்போனால் (நான் தவறிய இடம்)

ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு நடந்தது வேறு. ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன், பையில் நாலு மாத்திரைதான் இருந்தது. ஊரில் கிடைக்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்த அன்று இரவு பழையபடி 200 ஒன்றை விழுங்கினேன். விட்டுப்போனதை விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதானே வழக்கம்? மறுநாள் சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒன்பது நாளா? இன்னிக்கு அதைத் தொடாதீங்கம்மா. 25-லேருந்து திரும்ப ஆரம்பிக்கணும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். லாமோட்ரிஜினை மட்டும் சாப்பிடுபவர் ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகும். இன்னொரு நாளில் அதில் பாதி, அடுத்த நாள் அதிலும் பாதி. இப்படி ஐந்து முறை பாதியானால் மிச்சமிருப்பது நூற்றில் மூன்று பங்குதான். அதாவது ஐந்தாறு நாளில் உடம்பு அந்த மருந்தையே பார்க்காத உடம்பு மாதிரி ஆகிவிடுகிறது. அதன்மேல் ஒரே அடியாக 200 போட்டால் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு முதல் நாளே 200 கொடுத்த கணக்கு. தோல் ஆபத்து மறுபடி முதலிலிருந்து வருகிறது.

எனவே ஐந்து நாளுக்கு மேல் விட்டிருந்தால் நீங்களாகத் தொடங்காதீர்கள், டாக்டரைக் கேட்டு அடிமட்டத்திலிருந்து ஏறுங்கள். கார்பமசெபின், ஃபெனிடாயின் கூடச் சாப்பிடுபவர்களுக்கு மருந்து வேகமாகக் கரைவதால் மூன்று நாளே போதும். இரண்டு மூன்று நாள்தான் விட்டது, குழப்பமாக இருக்கிறது என்றாலும் ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

எனக்கு நல்லவேளையாகத் தோலில் ஒன்றும் வரவில்லை. ஆனால் திரும்ப 200-ஐத் தொட ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது, அதற்குள் மனம் இறங்க ஆரம்பித்துவிட்டது. காலையில் பல் துலக்கவே ஒரு மணி நேரம் படுக்கையில் கிடந்து யோசித்த நாட்கள் அவை. பையில் இன்னும் பத்து மாத்திரை இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

நிறுத்துவதும் இப்படித்தான். "நல்லா ஆயிடுச்சே, எதுக்கு இன்னும்?" என்று வீட்டில் சொல்வார்கள். தடிப்பு போன்ற அவசரம் இல்லையென்றால் குறைந்தது இரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான் டாக்டர் குறைப்பார். வலிப்பு உள்ளவர்கள் சட்டென நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பே வந்துவிடலாம். விரதம், அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிறு, இதற்கெல்லாம் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் போடச் சொல்வார்கள்.

5. மருந்துக் கடையில்

அட்டையில் இருக்கும் மருந்தின் பேரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். லாமிவுடின் என்பது எச்ஐவி மருந்து, லாமிசில் என்பது படை, தேமலுக்கான மருந்து. பேர் ஒன்றுபோல இருப்பதால் உலகம் முழுக்க மாறிப்போயிருக்கிறது. அப்புறம் 25-க்கும் 100-க்கும் அட்டை ஒரே நிறத்தில் இருக்கக்கூடும், எண்ணையும் பாருங்கள். "அதே மருந்துதான், கம்பெனி வேற" என்று மாற்றிக் கொடுத்தால் நான் வாங்குவதில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். முக்கியமாக வலிப்பு உள்ளவர்கள் முடிந்தவரை ஒரே கம்பெனியில் இருப்பது நல்லது, மாற்ற வேண்டியிருந்தால் டாக்டருக்குத் தெரிந்து மாறட்டும்.

கடைசிப் பத்து மாத்திரையைத் தொடும்போதே அடுத்த அட்டை வீட்டில் இருக்க வேண்டும். சீட்டின் ஃபோட்டோ ஃபோனில் இருக்கட்டும். ஊருக்குக் கிளம்பினால் போகும் நாட்களை எண்ணி, மேலே ஐந்து நாளுக்குச் சேர்த்து, பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஒரு வாசகி எழுதியிருந்தார், தங்கைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது வீட்டில் அம்மை என்று வேப்பிலை கட்டி மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்களாம், மாத்திரையும் தொடர்ந்திருக்கிறது. படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. இந்த மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் காய்ச்சலும் பொரிப்பும் சேர்ந்து வந்தால் அம்மை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வேப்பிலை பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தின் பேரைச் சொல்லுங்கள். தங்கை இப்போது நலமாக இருக்கிறார்.

இன்னொன்று: ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள மாத்திரை வாரப் பெட்டியைப் பற்றி நான் முன்பு வேறோர் இடத்தில் புகழ்ந்து எழுதியதைப் பார்த்து ஒருவர் வால்புரோயேட்டையும் பிரித்துப் போட்டுவைத்திருக்கிறார், மழைக்காலத்தில் மாத்திரை பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. வால்புரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். பெட்டியில் வைத்தே தீர வேண்டுமென்றால் அட்டையோடு கத்தரித்துப் போடுங்கள். "க்ரோனோ" என்று போட்டிருக்கும், மருந்தை மெதுவாக வெளியிடும் வால்புரோயேட் மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

பெண்களுக்கு: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினை ரத்தத்தில் ஏறத்தாழ பாதியாக்கிவிடும், அதை நிறுத்தினால் திடீரென ஏறும். தொடங்கினாலும் நிறுத்தினாலும் சொல்லுங்கள். வால்புரோயேட் சாப்பிடுபவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே பேச வேண்டும், குழந்தைக்கு உடல் குறையும் மூளை வளர்ச்சிக் குறைவும் வரும் ஆபத்து அதில் அதிகம். ஏற்கெனவே கர்ப்பம் என்றாலும் நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரை தொடங்கிய பிறகோ அளவு மாறிய பிறகோ சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால், அது வலிப்பு மருந்துகள் எல்லாவற்றிலும் எச்சரிக்கப்பட்டிருக்கும் ஒன்று, உங்கள் பலவீனம் இல்லை. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், நடு ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. அந்த எண்ணை நான் காலண்டரின் மேல் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.