"எலி கடிச்சுதா?" என்று மட்டும் கேட்டால் போதாது: ஹன்டா வைரஸைக் கண்டறிவதில் நடக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் காய்ச்சலோடு வருபவருக்கு டெங்கு, எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்), ஸ்க்ரப் டைபஸ் (பூச்சிக்கடியால் வரும் காய்ச்சல்) மூன்றையும் பார்ப்பது வழக்கம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் அது சரியான வழக்கமும்கூட. எலிகளிடமிருந்து வரும் ஹன்டா வைரஸ் நோய் அபூர்வம், ஆனால் காய்ச்சல், தட்டணுக் (பிளேட்லெட்) குறைவு, சிறுநீரகப் பாதிப்பு மூன்றும் சேர்ந்திருந்து, வழக்கமான டெஸ்டுகளில் பிடி கிடைக்காதபோது நினைவுக்கு வரவேண்டிய பெயர் அது.

முதல் தவறு டாக்டர் கேட்கும் கேள்வியிலேயே நடக்கிறது. "எலி கடிச்சுதா?" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் இல்லை என்பார்கள். எலிக்காய்ச்சல் ஈரத்தில் வருவது: வயல் சேறு, ஓடைத் தண்ணீர், காலில் புண். ஹன்டா பெரும்பாலும் காய்ந்த தூசியில் வருவது. எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து, பெருக்கும்போது தூசியாகப் பறந்து மூச்சில் போகிறது. ஆகவே "வைக்கோல் படப்பைப் பிரிச்சீங்களா? பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பெருக்குனீங்களா? தேங்காய்க் கிட்டங்கியில மூட்டை நகர்த்துனீங்களா?" என்று இடம் இடமாகக் கேளுங்கள். நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 1 அல்லது 2 வாரம், அபூர்வமாக 8 வாரம்வரை ஆகும். போன வாரத்தை மட்டும் விசாரித்தால், கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து களஞ்சியம் ஒதுக்கிய நாள் விட்டுப்போகும்.

"இதெல்லாம் அமெரிக்கா, கொரியா நோய்" என்பது அடுத்த தவறு. கொரியாவின் ஹன்டான் ஆற்றால் பெயர் பெற்ற வைரஸ் 1970களில்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1964இல், வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸ் எடுக்கப்பட்டது. அதுவும் ஹன்டா இனம் என்று பின்னால் தெரிந்தது. (மூஞ்சூறு எலி இனமே அல்ல என்பது வேறு கதை.) தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளில் கிட்டங்கித் தொழிலாளர்களிடமும் எலி பிடிக்கும் இருளர்களிடமும் ஹன்டாவுக்கான எதிர்ப்புப் பொருள் காணப்பட்டிருக்கிறது.

தட்டணு குறைந்ததுமே டெங்கு என்று முடிவு கட்டுவதும் உண்டு. டெங்குவில் வெள்ளையணு பெரும்பாலும் குறையும். ஹன்டாவில் பெரும்பாலும் கூடும். சிறுநீரில் ஒரு டிப்ஸ்டிக் (சோதனைப் பட்டை) முக்கினால் ஹன்டாவில் புரதம் நிறையத் தெரியும், இரத்தமும் தெரியலாம். சில ரூபாய்ச் சோதனை அது. ஆனாலும் பல கேஸ் ஷீட்டில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். கண் சிவந்து, கெண்டைக்கால் தொடமுடியாமல் வலித்து, மஞ்சள் காமாலையும் இருந்தால் எலிக்காய்ச்சல் பக்கம் சாயுங்கள்.

எலிக்காய்ச்சல் ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் வந்ததும் கோப்பை மூடிவிடக் கூடாது. பழைய தொற்றின் ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்கும். வயலில் இறங்குகிறவர்களிடம் அது புதுமையல்ல. அதற்காக ஹன்டா முடிவு வரட்டும் என்று எலிக்காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளினையோ பெனிசிலினையோ தள்ளிப்போட்டால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. மருந்தால் குணமாகும் நோய்க்கு முதலில் மருந்து போகட்டும்.

அதிகம் சொதப்புவது இரத்தம் எடுப்பதில். அட்மிஷன் அன்றே, சாதாரண சிவப்பு மூடிக் குழாயில் 5 மில்லி எடுத்து, சீரத்தைப் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) பிரித்து, ஒரு பங்கைத் தேதி எழுதி உறைநிலையில் வையுங்கள். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் வேண்டுமென்றால் முதல் வாரத்திலேயே, இரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயிலும் எடுக்கவேண்டும். வைரஸ் இரத்தத்தில் நெடுநாள் நிற்காது. முதல் சில நாளில் ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் மறுபடி பாருங்கள். 2 முதல் 3 வாரம் கழித்து இரண்டாவது சீரம் எடுத்து, இரண்டையும் ஒரே லேபில், ஒரே நேரத்தில் ஓட்டவேண்டும். ஐஜிஜி (பின்னால் ஏறி நெடுநாள் தங்கும் எதிர்ப்புப் பொருள்) 4 மடங்கு ஏறியிருந்தால் தொற்று உறுதி. முதல் சீரத்தைக் கொட்டிவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. இந்த டெஸ்ட் எல்லா லேபிலும் கிடையாது, ஆகவே எங்கே அனுப்புவது என்று முதல் நாளே விசாரியுங்கள். அனுப்பும் சீரம் ஐஸ் பெட்டியில், 2 முதல் 8 டிகிரியில் போகட்டும். டெஸ்ட் கிட்டில் ஹன்டான், சியோல் என்ற இரண்டு வகைகளின் ஆன்டிஜென் (வைரஸின் புரதம்) மட்டும் இருந்தால் வேறு வகை ஹன்டா சிக்காமல் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இரத்த அழுத்தம் இறங்குவதும் சிறுநீர் குறைவதும் அதற்குப் பிறகுதான். அப்போது டிரிப்ஸைத் திறந்துவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மில்லிக் கணக்கில் எழுதுங்கள். தேறும்போது ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் போகும். அப்போது உப்புச் சத்தும் பொட்டாசியமும் பார்க்கவேண்டும்.

பக்கத்துக் கட்டில்காரர் பதற வேண்டாம். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதாகத் தெரிந்திருப்பது தென் அமெரிக்காவின் ஆண்டஸ் வகை மட்டுமே. கவனிக்கவேண்டியது வீட்டில் இருப்பவர்களை. நோயாளி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அதே அறையை வாரியலால் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள். கதவு, ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து புழுக்கைமேல் ஊற்றி, 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துணியால் ஒற்றி எடுக்கவேண்டும்.