நினைவக அட்டவணையில் அமர்வு அடையாளம்: ஊகிக்க முடியாத எண்ணை உருவாக்குவது எப்படி?

கோவில் வாசலில் செருப்பை விடும்போது ஒரு டோக்கன் தருவார்கள். தரிசனம் முடிந்து வந்து அதை நீட்டினால் செருப்பு கைக்கு வந்துவிடும். நீட்டுகிறவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, டோக்கனில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள். இணையதளங்களிலும் இதே ஏற்பாடுதான். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. அடுத்தடுத்து இரண்டு பக்கங்களைக் கேட்டவர் ஒரே ஆள்தான் என்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுலி குக்கியைக் கொண்டுவந்தார்: சர்வர் தரும் சிறு குறிப்பை உலாவி வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பும். குக்கியில் நாம் எழுதி அனுப்பும் டோக்கன் எண்தான் அமர்வு அடையாளம்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மெமரி வகை அட்டவணையில் அமர்வுகளை (ஒருவர் தளத்துக்கு வந்து போகும் ஒவ்வொரு வருகையின் குறிப்பையும்) வைத்து, பிஹெச்பியில் அவற்றுக்கு அடையாளம் உருவாக்குவதை இங்கே பார்க்கலாம். மொழி வேறாக இருந்தாலும் முறை மாறாது.

முதலில், நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கடைக்கு ஆர்டர் எடுக்கும் தளம் எழுதிக் கொடுத்தேன். அமர்வுகளை மெமரி அட்டவணையில் வைத்தேன். அடையாளத்துக்குத் தானாகக் கூடிக்கொண்டே போகும் ஆட்டோ இன்கிரிமென்ட் எண். ஒவ்வொரு வரிசைக்கும் வேறு எண் வருகிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஒருநாள் மாலை சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினார்கள். மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து தொலைபேசி வந்தது: தன் கணக்கைத் திறந்தால் வேறு யாருடைய முகவரியோ தெரிகிறது என்றார். மெமரி அட்டவணை நினைவகத்தில் மட்டுமே இருப்பது. சர்வர் நின்றால் அட்டவணையின் அமைப்பு மிஞ்சும், உள்ளிருந்த வரிசைகள் அத்தனையும் போய்விடும், எண்ணும் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். அவருடைய உலாவியில் நேற்றைய 12 இருந்தது. இன்றைய 12 இன்னொருவருக்குப் போயிருந்தது. நேற்றைய டோக்கனை நீட்டி இன்றைய செருப்பை வாங்கிப் போனது போல.

ஓர் அட்டவணைக்குள் எண் தனித்திருந்தால் போதாது. அட்டவணை அழிந்த பிறகும் அது திரும்ப வரக்கூடாது, வேறு யாராலும் ஊகிக்கவும் முடியக்கூடாது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: அட்டவணையை அமைத்தல்

நான்கு நெடுவரிசைகள் போதும். அடையாளத்துக்கு 32 பைட் பைனரி, அதுவே முதன்மைத் திறவுகோல் (ஒரே மதிப்பு இருமுறை வர விடாத நெடுவரிசை). பிறகு பயனர் எண், காலாவதி நேரம், சிறிய தரவு ஒன்று. அட்டவணையை உருவாக்கும் கட்டளையின் இறுதியில் என்ஜின் மெமரி என்று குறிப்பிடுங்கள்.

தரவு நெடுவரிசையில் கை தாராளம் கூடாது. மெமரி என்ஜினில் (அட்டவணையைச் சேமிக்கும் முறை) நீண்ட தரவுக்கான டெக்ஸ்ட், பிளாப் வகைகளுக்கு இடமில்லை. சரி, 4000 எழுத்து வரை கொள்ளும் வார்கேர் 4000 என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கே எல்லா வரிசையும் ஒரே நீளம். பத்து எழுத்து எழுதினாலும் முழு இடமும் பிடித்துக்கொள்ளும். யூடிஎஃப்8எம்பி4 எழுத்துமுறையில் ஓர் எழுத்துக்கு 4 பைட் என்று ஒதுக்கினால், அந்த ஒரு நெடுவரிசையே 16,000 பைட். அட்டவணையின் உச்ச அளவு இயல்பாக 16 எம்பி. வகுத்துப் பாருங்கள்: ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ளே வந்ததும் 'அட்டவணை நிரம்பிவிட்டது' என்ற பிழை வந்து நிற்கும். பயனர் எண்ணையும் மிகச் சிறிய தரவையும் மட்டும் இங்கே வைத்து, பெரியதை வட்டில் உள்ள சாதாரண அட்டவணையில் வையுங்கள்.

மெமரி அட்டவணையில் இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் அட்டவணைக் குறிப்பு, இயல்பாக ஹாஷ் வகை. 'இந்த அடையாளம் இருக்கிறதா' என்ற கேள்விக்கு அது மிக வேகம். 'இந்த நேரத்துக்கு முன் காலாவதியானவை எவை' என்ற கேள்விக்கு அது உதவாது. ஆகவே காலாவதி நெடுவரிசைக்கு மட்டும், மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் பிட்ரீ இண்டெக்ஸ் கேளுங்கள்.

படி 2: எண்ணை உருவாக்குதல்

நேரத்தை வைத்து எண் செய்யலாம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பிஹெச்பியின் யூனிக்ஐடி அதைத்தான் செய்கிறது. பெயரில் 'தனித்த' என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள், அது வெறும் மைக்ரோ வினாடிக் கணக்கு. நீங்கள் எப்போது உள்நுழைந்தீர்கள் என்று ஏறத்தாழ அறிந்தவர் தேட வேண்டிய எல்லை மிகவும் சுருங்கிவிடும். 1995-இல் இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் என்ற இரண்டு பெர்க்லி மாணவர்கள் நெட்ஸ்கேப் உலாவியின் மறையாக்கத்தை உடைத்தது இந்த வழியில்தான். அதன் ரகசிய எண்ணுக்கு விதையாக (கணக்கு தொடங்கும் மதிப்பாக) இருந்தவை நேரமும், ஓடும் நிரல்களுக்கு இயக்குதளம் தரும் செயல்முறை எண்கள் இரண்டும் மட்டுமே.

அடுத்தது சாதாரண ரேண்டம். எம்டி_ராண்ட் என்ற செயற்கூறுக்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கு முறை. தொடர்ச்சியாக 624 முழு 32-பிட் எண்களைப் பார்த்துவிட்டால், அடுத்து வரப்போகும் எண்களையெல்லாம் கணக்கிட்டுவிடலாம். தனித்த அடையாளங்களைத் தரும் மைஎஸ்கியூஎலின் யூயூஐடி செயற்கூறும் இங்கே உதவாது. அது தருவது நேரத்தையும் கணினியின் முகவரியையும் சேர்த்துக் கட்டும் யூயூஐடியின் முதல் பதிப்பு. தனித்துவம் உண்டு, மறைவு இல்லை.

பயன்படுத்த வேண்டியது ராண்டம்_பைட்ஸ். 2015 இறுதியில் பிஹெச்பி 7-உடன் வந்தது. இயக்குதளம் மறையாக்கத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கும் எதேச்சையான பிட்டுகளை அது எடுத்துத் தருகிறது. பைத்தானில் இதே வேலைக்கு சீக்ரெட்ஸ் என்ற நூலகம் உண்டு. 16 பைட் கேளுங்கள், அதாவது 128 பிட். கிடைத்ததை பின்2ஹெக்ஸில் கொடுத்தால் குக்கியில் வைக்கத்தக்க 32 எழுத்துச் சரம் வரும். ஒரே வரி வேலை. அதன் மேல் நேரத்தையோ ஐபி முகவரியையோ ஒட்டி 'வலுப்படுத்த' வேண்டாம்.

எதேச்சையான பிட்டுகள் வரும் மூலத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயக்குதளம் சாட்சி. 2006-இல் அதிலிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலில் செய்த சிறு மாற்றத்தால் செயல்முறை எண் ஒன்றே விதையாக மிஞ்சியது. 32,768 வாய்ப்புகளுக்குள் எல்லா மறையாக்கச் சாவிகளும் அடங்கிப்போயின. 2008 வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

படி 3: சேமிக்கும் முன் ஹாஷ்

உருவான சரத்தை அப்படியே அட்டவணையில் எழுதாதீர்கள். எஸ்எச்ஏ-256 ஹாஷை, அதாவது திரும்பப் பின்னோக்கிக் கணக்கிட முடியாத சுருக்கத்தை எடுத்து, அதன் 32 பைட்டை எழுதுங்கள். அட்டவணையை யாராவது படித்துவிட்டாலும் அதிலிருந்து டோக்கனைத் திரும்பச் செய்ய முடியாது. பயனர் குக்கியோடு வரும்போது, அதை மறுபடி ஹாஷ் செய்து தேடினால் ஆயிற்று.

படி 4: எழுதுதல்

இந்த அடையாளம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடி, இல்லையென்றால் எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. தேடலுக்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு கோரிக்கை நுழையலாம். நேரடியாக எழுதுங்கள். மோதினால் முதன்மைத் திறவுகோல் 1062 என்ற பிழையைத் தரும், அப்போது புதிய எண் எடுத்து மறுபடி எழுதுங்கள். 128 பிட்டில் இதைக் காண வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். 32 பிட்டோடு நிறுத்தியிருந்தால் சுமார் 77,000 அமர்வுகளிலேயே ஏதோ இரண்டு மோதும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

படி 5: குக்கி

எச்டிடிபிஒன்லி (பக்கத்தின் ஸ்கிரிப்ட் குக்கியைப் படிக்க முடியாது), செக்யூர் (மறையாக்கிய இணைப்பில் மட்டும் போகும்), சேம்சைட் (பிற தளங்களிலிருந்து எழும் கோரிக்கைகளோடு போவதைக் கட்டுப்படுத்தும்) ஆகிய மூன்று பண்புகளையும் போடுங்கள். அடையாளத்தை இணைய முகவரியில் ஒட்டி அனுப்பாதீர்கள். முகவரியை மக்கள் நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள், சர்வரின் பதிவேடுகளிலும் அது தங்கிவிடும்.

படி 6: உள்நுழையும்போது மாற்றுதல்

கடவுச்சொல் சரிபார்த்த மறுகணம் பழைய வரிசையை அழித்து, புதிய அடையாளம் கொடுங்கள். தனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றை முன்கூட்டியே உங்கள் உலாவியில் பதியவைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அப்போது ஒன்றும் கிடைக்காது. வெளியேறும்போதும் குக்கியை மட்டும் நீக்கினால் போதாது, வரிசையையும் நீக்குங்கள்.

காலாவதியானவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழிக்க ஒரு சிறு வேலையை, குறித்த நேரங்களில் நிரலை ஓட்டும் கிரானில் போட்டுவிடுங்கள். அழித்த வரிசைகளின் இடத்தை அதே அட்டவணை திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும்.

படி 7: சோதனை

இதைத் தவறாமல் செய்யுங்கள். இரண்டு உலாவிகளில் இரண்டு பயனர்களாக உள்நுழையுங்கள். மைஎஸ்கியூஎலை நிறுத்தித் தொடங்குங்கள். இரண்டையும் புதுப்பித்தால் இரண்டிலும் உள்நுழைவுப் பக்கம் வரவேண்டும். இப்போது பழைய குக்கிகளை அழிக்காமல், முதல் உலாவியில் மட்டும் மறுபடி உள்நுழையுங்கள். பிறகு இரண்டாவதைப் புதுப்பியுங்கள். அதில் இன்னும் உள்நுழைவுப் பக்கமே இருக்க வேண்டும்.