1804 என்று இருந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள்

தங்கசாலைத் தெருவில் ஒரு வெள்ளிப் பாத்திரக் கடையில் 26 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். கம்பெனிக்காரன் காசு அடித்த தெரு என்பதாலோ என்னவோ, பழங்காசு கிடைத்தவர்கள் நேராக அங்கேதான் வந்து நிற்பார்கள். அமெரிக்க வெள்ளி டாலர் காசு வந்தால் மட்டும் முதலாளி என்னைக் கூப்பிடுவார். கப்பலில் வேலை பார்த்த என் மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்த டாலர் ஒன்று எங்கள் ராயபுரத்து வீட்டுப் பூஜை அலமாரியில் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த கிறுக்கு இது.

"சார், இது 1804, கோடிக்கணக்கில் போகுமாமே" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களை உட்காரவைத்து ஒரு கதை சொல்வேன். 1804இல் பிலடெல்பியா நாணயசாலை 19,570 டாலர் வெளியிட்டது உண்மை. ஆனால் அவை பழைய அச்சில் அடித்தவை. 1803 அல்லது அதற்கும் முந்தைய ஆண்டுதான் அவற்றில் இருக்கும். 1804 என்று பொறித்த டாலரை 1834இல்தான் முதன்முதலாக அடித்தார்கள், மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் கொடுக்கும் பரிசுப் பெட்டியில் வைக்க. பின்னாளில் அடித்தவற்றையும் சேர்த்து உலகத்தில் இருப்பவற்றை இரண்டு கை, ஒரு கால் விரல்களில் ஏறக்குறைய எண்ணிவிடலாம். அதில் ஒன்று வண்ணாரப்பேட்டைப் பரணில் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள்.

வேறு ஆண்டு என்றால் நம்பிக்கை கொஞ்சம் உண்டு. முதலில் விளிம்பு. 1794 முதல் 1803 வரையிலான டாலரின் முகத்திலோ முதுகிலோ மதிப்பு எழுதியிருக்காது. விளிம்பைச் சுற்றித்தான் 'ஹண்ட்ரட் செண்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்று ஓடும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விளிம்பில் எழுத்து இருக்கிறதா, வெறும் பல்வரிசை இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். பல்வரிசை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நான் ஒருமுறை நடைபாதைக் கடையில் இதைப் பார்க்காமல் 1799 டாலர் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் எடை போட்டேன்: 21 கிராம். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

சரியான எடை 26.96 கிராம். தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். ஐந்து ஆறு கிராம் குறையாது. சமையலறைத் தராசு வேண்டாம், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன மின்தராசு வேண்டும். அதிலேயே இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 2.6 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3 வரும். பித்தளை, நிக்கல் கலவை எல்லாம் 9க்கு மேல் ஏறாது.

உரைகல்லில் மட்டும் உரச விடாதீர்கள். எங்கள் தெருக்காரர்களுக்குக் கை பரபரக்கும். "டச் இயந்திரத்தில் வையுங்கள் போதும்" என்று கறாராகச் சொல்லுங்கள்; கீறாமலே வெள்ளி எவ்வளவு என்று அது காட்டிவிடும். அந்தக் காலத்து டாலரில் வெள்ளி 89 சதவீதம் சொச்சம், 1837க்குப் பிறகு 90. தொண்ணூற்றொன்பது காட்டினால் அது யாரோ அழகுக்கு அடித்த நகல்.

காசின் மேல் அரம் போட்டதுபோல் இணையான கோடுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். எடை கூடிய வில்லையை அடிப்பதற்கு முன் நாணயசாலைக்காரர்களே அரம் போட்டுக் குறைத்த தடம் அது.

இப்போது மதிப்பு. பழசு என்பதால் மட்டும் விலை வராது. 1794ஆம் ஆண்டு டாலர் மொத்தம் 1,758தான், அக்டோபர் 15 அன்று ஒரே நாளில் வெளிவந்தவை. அதில் ஒன்று 2013இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. 1799ஆம் ஆண்டுடையது நான்கு லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டதால் அந்தக் காலத்து டாலர்களிலேயே எளிதாகக் கிடைப்பது. அதுவும் வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு போகும் என்பது வேறு. எல்லோரும் டாலரையே தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் அரை டாலரைப் புரட்டிப் பாருங்கள் என்பேன். 1796, 1797 இரண்டு ஆண்டும் சேர்த்தே 3,918தான்.

அடித்த கணக்கைவிட உருக்கிய கணக்கு முக்கியம். புது டாலரை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், சற்றே கனமான ஸ்பானிய டாலராக மாற்றிக்கொள்வது அன்றைய வியாபாரிகளுக்கு லாபம். போன டாலரில் பல உலைக்குத்தான் போயின. அதனால்தான் 1804க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்துக்கு டாலர் அடிப்பதையே நிறுத்தினார்கள். 1878 முதல் அடித்த மார்கன் டாலருக்கும் இதே கதிதான். 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடி டாலரை உருக்கினார்கள். பெரும்பகுதி வெள்ளியை பிரிட்டன் வாங்கியது, இந்தியாவின் வெள்ளித் தட்டுப்பாட்டைத் தீர்க்க. உங்கள் பாட்டி முடிந்து வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயிலும் கொஞ்சம் அமெரிக்கா இருக்கலாம்.

மாமாவின் காசு 1877இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த வர்த்தக டாலர், ஆசிய வியாபாரத்துக்கென்றே அமெரிக்கா அடித்த வகை. 27.22 கிராம், விளிம்பில் பல்வரிசை. இந்த வகைக்கு அதுதான் சரி. சீன வியாபாரிகள் சோதித்துக் குத்திய முத்திரைகள் நான்கு. அந்தக் குத்துகளைத் தேடி வாங்குகிறவர்களே இருக்கிறார்கள். ஆனால் அத்தை ஒரு பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் திருநீறு போட்டுத் துலக்கிவிட்டார். நூறாண்டுக் கருமை ஐந்து நிமிடத்தில் போனது, விலையில் பாதிக்கு மேல் அதோடு போனது. திருநீறு, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்ததும் இப்படித்தான், விலை வெகுவாக இறங்கிவிடும்.

தரச்சான்றுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தொல்லியல் துறையைக் கேட்காமல் எல்லை தாண்ட விடாதீர்கள். தரம் எழுதி மூடி முத்திரையிட்ட சான்றிதழ்ப் பெட்டியோடு யாராவது விற்க வந்தால், பெட்டியிலுள்ள எண்ணைச் சான்றளித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். பெட்டியிலும் போலி உண்டு.

ராயபுரத்துக் கடல்காற்றுக்கு வெள்ளி தாங்காது. மாமாவின் டாலரைக் காகித உறையில் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை வந்தால் அத்தை இன்னும் கேட்கிறார்: "அந்தக் காசை எடுடா, ஒரு துலக்கு துலக்கித் தருகிறேன்."