உகாண்டா கிராமப் பள்ளியில் தொழில் மன்றம் தொடங்குவது எப்படி?

உகாண்டாவில் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராகவோ தன்னார்வலராகவோ போகிறீர்கள், பள்ளி விட்டபிறகு பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தர ஒரு மன்றம் ஆரம்பிக்க ஆசை என்றால், முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அந்த மன்றம் ஒரு பொருளைச் செய்து, நிஜமான காசுக்கு விற்க வேண்டும். தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதிப் பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் சீக்கிரம் கழன்றுகொள்வார்கள், அது அவர்கள் தப்பு இல்லை. அந்த ஊர்களில் மாதச் சம்பள வேலை ரொம்பக் குறைவு. படிப்பை முடித்தவர்களில் நிறையப் பேர் விவசாயத்தோடு சேர்த்து ஒரு சின்ன வியாபாரமும் பார்த்துத்தான் பிழைக்கிறார்கள்.

தலைமையாசிரியரைச் சம்மதிக்கவைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. 2020இல் வந்த புதிய பாடத்திட்டம் மாணவர்கள் கையால் செய்துகாட்டும் திட்டப்பணிகளைக் கேட்கிறது, மன்றத்தில் செய்வதையே அதற்குக் காட்டலாம் என்று சொல்லுங்கள். பொறுப்பேற்க உள்ளூர் ஆசிரியர் ஒருவரும் வேண்டும், அங்கே அவரை 'பேட்ரன்' என்பார்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போனபிறகு மன்றத்தைத் தாங்கப்போவது அவர்தான்.

நேரத்தை யோசித்து வையுங்கள். பூமத்திய ரேகை நாடு, வருஷம் முழுக்க ஏழு மணிவாக்கில் இருட்டிவிடும், பல பிள்ளைகள் வெகுதூரம் நடந்து வீடு போகிறவர்கள், பெண்பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் தண்ணீர் எடுப்பது, சமையல் என்று வேலை காத்திருக்கும். அதனால் வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம் போதும், சந்தை கூடும் நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெண்பிள்ளைகள் வரவில்லை என்றால் ஆர்வம் இல்லை என்று எழுதிவிடாமல் நேரத்தை மாற்றிப்பாருங்கள்.

என்ன செய்வது? மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாட்டின் தெற்குப் பாதியில் மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழை, ஜூன், ஜூலையில் வெயில். வெயில் காலத்துக்கு, அடுப்பில் எரிக்கும் கரித்தூள் உருண்டை நல்ல தேர்வு. கரி விற்கிற கடைகளில் அடியில் தங்கும் தூளைச் சில இடங்களில் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதைச் சலித்து, மரவள்ளி மாவில் காய்ச்சிய கஞ்சியை ஊற்றி, கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைந்து, உருட்டி மூன்று நான்கு நாள் வெயிலில் காயவையுங்கள். பத்துப் பங்கு தூளுக்கு ஒரு பங்கு மாவு என்று தொடங்கலாம். உதிர்ந்தால் கஞ்சி போதவில்லை, ரொம்பப் புகைந்தால் கஞ்சி அதிகம் அல்லது சரியாகக் காயவில்லை. 'சிகிரி' என்கிற கரியடுப்பில் எரித்துப் பார்த்தபிறகே விற்க வேண்டும், எரித்துப் பார்ப்பதும் திறந்த வெளியில்தான், மூடிய அறையில் கூடவே கூடாது.

மழைக்காலத்துக்குத் திரவ சோப்பு. கடையில் 'உங்கரோல்' என்று கேட்டால் கூழ்மாதிரி ஒன்று தருவார்கள், அதில் உப்பைக் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து, நுரை அடங்க ஒரு ராத்திரி விடுங்கள். உப்பு போடப்போடக் கெட்டியாகும், ஒரு அளவைத் தாண்டினால் திடீரென்று நீர்த்துவிடும். இதைப் பிள்ளைகளே ஒரு சின்னக் கிண்ணத்தில் செய்து பார்க்கட்டும், மறக்கவே மாட்டார்கள்.

இனி கணக்கு. என்னைக் கேட்டால் சோப்பைவிட இதுதான் முக்கியம். ஒரே ஒரு நோட்டு, வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தி, எழுதுவது மாணவர்கள், நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள். அடக்க விலை போடும்போது பிள்ளைகள் சாமான் விலையை மட்டும் கூட்டுவார்கள், காலி பாட்டிலும் சாமான் வாங்கப்போன 'போடா-போடா' என்கிற வாடகை பைக்கின் கூலியும் விட்டுப்போகும். சும்மா ஒரு கணக்குக்கு, 20 லிட்டர் சோப்புக்கு எல்லாம் சேர்த்து 40,000 ஷில்லிங் ஆனால், அரை லிட்டர் பாட்டில் நாற்பது வரும், ஒரு பாட்டிலின் அடக்கம் 1,000. அதற்குக் கீழே விற்றால் கையைக் கடிக்கும். ஆசிரியர்களுக்குக் கடன் கொடுப்பதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள், 'சம்பளம் வந்ததும் தருகிறேன்' என்கிற பெரியவரிடம் ஒரு மாணவியால் போய்க் கேட்க முடியாது.

பணப்பெட்டிக்கு அங்கத்திய கிராமச் சேமிப்புக் குழுக்களின் வழியே சிறந்தது: ஒரு பெட்டி, மூன்று பூட்டு, மூன்று பேரிடம் ஒவ்வொரு சாவி, எல்லார் முன்னாலும் மட்டுமே திறப்பது. நிறைய அம்மாக்களுக்கு இது தெரிந்த முறை, அதனால் வீட்டிலும் நம்பிக்கை வரும்.

நடுநடுவே ஊர்த் தையல்காரரையோ பைக் மெக்கானிக்கையோ கூப்பிடுங்கள், சொற்பொழிவுக்கு இல்லை, முதல் கருவி எவ்வளவுக்கு வாங்கினார், யார் கடன் கொடுத்தார் என்று பிள்ளைகள் கேட்பதற்கு.

வருஷக் கடைசியில் லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதை முதல் வாரமே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு பங்கை அடுத்த வருஷக் கைமுதலாகப் பெட்டியிலேயே விடுங்கள். எஸ்4, அதாவது மேல்நிலைப் பள்ளியின் நான்காம் வருஷப் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், எனவே மூன்றாம் பருவம் தொடங்கும்போதே சாவிகளை எஸ்2, எஸ்3 பிள்ளைகள் கைக்கு மாற்றி, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே இரண்டு மூன்று தடவை அவர்களைக் கணக்கு எழுதவிடுங்கள்.