நாயை ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போகும் முன்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே போன் வர ஆரம்பித்துவிடும். "ஊருக்குப் போறோம், மூணு நாள் வெச்சுக்குவீங்களா? ஒரு நாளைக்கு எவ்வளவு?" அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. தாம்பரத்தில் என் வீட்டு மாடியில் ஐந்து நாய்க்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, அதனால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் அடுத்து எங்கே கொண்டுபோய் விடுவார்களோ என்று கவலையாக இருக்கும். நானும் அப்படி விட்டவன்தான். போர்டிங்கில், அதாவது காசு வாங்கிக்கொண்டு நாயை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விடும்போது நாம் செய்யும் தவறுகள்தான் கீழே இருப்பவை. தடுப்பூசிப் புத்தகத்தை மறப்பது மாதிரியான விஷயங்களை இங்கே எழுதவில்லை. அதை போர்டிங்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பகலில் மட்டும் பார்த்துவிட்டு வருவது

நான் ஒரு போர்டிங்கைப் பார்க்கப் போனது காலை பதினோரு மணிக்கு. ஊருக்கு வெளியே மாந்தோப்பு, கழுவிவிட்ட தரை, நாய்க்கொரு தனி அறை, ஓடியாடி வேலை செய்யும் நாலு பையன்கள். எல்லாம் பிடித்துப்போய் என் சிப்பிப்பாறை நாய் மணியை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த நாலு பேரும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி அங்கே இருந்தது கேட்டில் ஒரு வாட்ச்மேன். அவருக்கு நாய் என்றாலே பயம்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி பக்கத்தில் யாரோ சரவெடி வைத்திருக்கிறார்கள். மணி தகரக் கதவைப் பிராண்டிப் பிராண்டியே தாழ்ப்பாளை நெம்பி, ஐந்தடிச் சுவரைத் தாண்டிவிட்டான். சிப்பிப்பாறைக்கு ஐந்தடி ஒரு உயரமா? காலை ஏழு மணிக்குச் சோறு வைக்கப் போனபோதுதான் அறை காலி என்று தெரிந்திருக்கிறது. கழுத்துப் பட்டையில் என் போன் நம்பர் இருக்குமே என்றேன். "ராத்திரில பட்டையக் கழட்டிடுவோம் சார், எங்கயாவது மாட்டிக்கிட்டா கழுத்து இறுகிடும்" என்று அதை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். காரணம் சரிதான். அதனால்தான் தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப் போடச் சொல்கிறேன்; ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் அதிலிருக்கும் அடையாள எண் தெரியும். போட்டவர்கள் உங்கள் பெயரில் போன் நம்பரோடு பதிந்தார்களா என்றும் பாருங்கள்.

மூன்றாம் நாள், நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடைத்தான். முன்னங்காலில் மூன்று நகம் பெயர்ந்திருந்தது. அப்புறம் ஆயுசுக்கும் இடி இடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

ஆகவே கேளுங்கள்: பத்து மணிக்கு மேல் நாய்களோடு ஒரே கூரைக்குக் கீழே படுப்பது யார்? "சிசிடிவி இருக்கு சார்" என்பார்கள். கேமரா எழுந்து வந்து கதவைச் சாத்தாது. பெரிய நாய்களுக்குச் சில சமயம் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். குமட்டும், வாந்தி வராது, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அந்த நேரத்தில் எந்த டாக்டரிடம் ஓடுவார்கள், யாருடைய வண்டியில்? ராத்திரி நேரில் வந்து பார்க்க விடமாட்டார்கள், மற்ற நாய்கள் குரைக்கும், நியாயம்தான். பத்தரை மணிக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். யார் எடுக்கிறார்கள், பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

நேற்று ஊசி, இன்று போர்டிங்

எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது வேண்டும்.

சுவரைப் பார்க்காமல் வருவது

உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. சுவரேறி விரிசலுக்குள் போய் முட்டையிடும். அதனால் இடத்தைப் பார்க்கப் போனால் விரிசல்களையும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கடித்த அன்றே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து நாய் சோறு வேண்டாம் என்று படுக்கும்; போர்டிங்கில் விட்டதே அதற்குள் நமக்கு மறந்திருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே காது மடல், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள்.

சாப்பாட்டை மாற்றுவது

வழக்கமாகச் சாப்பிடுவதையே கட்டிக் கொடுங்கள். தயிர்சாதம் என்றாலும் சரி.

வாசலில் கட்டிப்பிடித்து அழுவது

கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.