ஜாங்கோவில் நூலகச் செயலி: டெஸ்ட்டோடு சேர்த்தே கட்டுவது எப்படி

பைத்தானில் வலைச் செயலி கட்ட உதவும் ஜாங்கோவைக் கற்பவர்கள், நிரலைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட்டைப் பெரும்பாலும் கடைசிப் பாடமாகத் தள்ளிவைக்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பிரவுசரைத் திறந்து, லாகின் செய்து, படிவத்தை நிரப்பி, பட்டனை அழுத்திப் பார்க்கும் வேலைதான். முதல் மாடலோடு (டேட்டாபேஸ் டேபிளை விவரிக்கும் கிளாஸ்) டெஸ்ட்டையும் தொடங்கிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியும் (அதாவது தேறியும்) செயலி உடைந்திருக்கும் இடங்கள் ஜாங்கோவில் சில உண்டு. ஒரு சிறிய நூலக இரவல் செயலியைக் கட்டியபடியே அவற்றைப் பார்ப்போம். கட்டளைகளும் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஜாங்கோ 5.2-க்கு பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) ஒன்றை உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, பிப் மூலம் ஜாங்கோவை நிறுவி, ஸ்டார்ட்புராஜெக்ட், ஸ்டார்ட்ஆப் இரண்டையும் ஓட்டுங்கள். புதிய ஆப்பின் பெயரை செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் சேர்க்க மறந்தால், மாடல் மாற்றங்களை டேட்டாபேஸுக்கான மைக்ரேஷனாக எழுதும் மேக்மைக்ரேஷன்ஸ் பிழை எதுவும் சொல்லாது. மாற்றம் ஏதுமில்லை என்று மட்டும் சொல்லும். மாடல் எழுதியும் அந்தச் செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

மாடல் இரண்டு போதும். புத்தகத்துக்குத் தலைப்பு. இரவலுக்குப் புத்தகம், வாசகர், எடுத்த நாள், திருப்பிய நாள். விதிகள்: ஒருவரிடம் ஒரே நேரத்தில் 3 புத்தகம், 15 நாள் கெடு, அதற்குப் பின் நாளுக்கு 1 ரூபாய் அபராதம்.

முதல் டெஸ்ட்டை அபராதக் கணக்குக்கு எழுதுங்கள். அபராதம் கணக்கிடும் மெத்தட் ‘இன்றைய தேதி’யைத் தானே தேடிப் போகாமல், தேதியை ஆர்க்யுமென்ட்டாக வாங்கட்டும். அப்படி இருந்தால் டேட்டாபேஸே தேவையில்லை. சேமிக்காத இரவல் ஆப்ஜெக்ட் ஒன்றை வைத்து சிம்பிள்டெஸ்ட்கேஸிலேயே சோதிக்கலாம், நொடியில் முடியும். ஜூன் 1 எடுத்த புத்தகத்துக்கு ஜூன் 16 வரை அபராதம் 0, ஜூன் 17 அன்று 1. இந்த இரண்டு தேதிகளோடு ஜூன் 10-ஐயும் சேருங்கள். வெறும் கழித்தல் கணக்காக எழுதியிருந்தால் அன்றைக்கு −6 வரும். நூலகமே வாசகருக்குப் பணம் தர வேண்டியிருக்கும்.

இந்த மெத்தட்டை அழைக்கும் இடத்தில் தேதியை எப்படி எடுக்கிறீர்கள் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. டைம்ஜோன்.நவ் தருவது யுடிசி (உலகப் பொது) நேரம், அதன் பின்னால் .டேட் போட்டால் யுடிசி தேதிதான் வரும். செட்டிங்ஸில் ஏசியா/கொல்கத்தா என்று இருந்தாலும், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை அது நேற்றைய தேதியையே காட்டும். பகலில் எழுதி, பகலில் ஓட்டும் டெஸ்ட்டில் இது தெரியவே தெரியாது. டைம்ஜோன்.லோக்கல்டேட் பயன்படுத்துங்கள். உறுதிசெய்ய, டெஸ்ட்டுக்காக ஒரு ஃபங்ஷனைப் போலியால் மாற்றிவைக்கும் மாக்.பேட்ச் கொண்டு நவ்-ஐ ஜூன் 16, 22.30 யுடிசி என்று நிறுத்திப் பாருங்கள்; இந்தியாவில் அப்போது ஜூன் 17 அதிகாலை 4 மணி, அபராதம் 1 வர வேண்டும்.

டெஸ்ட் ஃபைலின் பெயரும் மெத்தட்டின் பெயரும் ‘டெஸ்ட்’ என்றே தொடங்க வேண்டும். அபராதம்_டெஸ்ட் என்று மெத்தட்டுக்குப் பெயர் வைத்தால் அது ஓடாது, ஓடவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஓடிய டெஸ்ட்களின் எண்ணிக்கையில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். டெஸ்ட்ஸ் என்று தனி ஃபோல்டர் போடும்போது, ஸ்டார்ட்ஆப் உருவாக்கிய டெஸ்ட்ஸ்.பிஒய் ஃபைலை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் இம்போர்ட் மோதும்.

அடுத்தது இரவல் தரும் வியூ, அதாவது பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷன். இங்கேதான் டெஸ்ட்கேஸும், பிரவுசர் போல நடிக்கும் அதன் கிளையன்ட்டும் வருகின்றன. டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் செய்துவிடும். ஒரு டெஸ்ட் போட்ட தரவு அடுத்ததைத் தொடாது. பொதுவான தரவை செட்அப்டெஸ்ட்டேட்டாவில் ஒரே முறை உருவாக்குங்கள். லாகினுக்கு ஃபோர்ஸ்_லாகின் போதும், பயனருக்குப் பாஸ்வேர்டே கொடுக்க வேண்டாம். 5.2-இல் பாஸ்வேர்ட் ஹாஷ் (பாஸ்வேர்டை மறைத்துச் சேமிக்கும் கணக்கு) ஒவ்வொன்றும் 10 லட்சம் சுற்று ஓடுகிறது; டெஸ்ட்கள் மந்தமாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது கவனியுங்கள். இரவல் வெற்றியானால் வியூ 302 தந்து புத்தகப் பக்கத்துக்கு அனுப்பும். லாகின் செய்யாதவரையும் லாகின்_ரெக்வயர்ட் அதே 302 தந்துதான் லாகின் பக்கத்துக்கு அனுப்பும். ஸ்டேட்டஸ் 302-ஆ என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட், ஃபோர்ஸ்_லாகின் மறந்துபோனாலும் பச்சைதான் காட்டும். 4-ஆவது புத்தகம் கேட்கும் டெஸ்ட்டிலும் இதே கதை: படிவம் தவறானால் பக்கம் 200-உடன் திரும்ப வரும், 200 என்பதால் எதுவும் நிரூபணமாகாது. எனவே இரண்டு சோதனை வையுங்கள்: அசெர்ட்ரீடைரக்ட்ஸில் போய்ச் சேரும் முகவரி, டேட்டாபேஸில் இரவல்களின் எண்ணிக்கை. வெற்றியில் எண்ணிக்கை 1 கூட வேண்டும். மறுப்பில் 3-லேயே நிற்க வேண்டும், அசெர்ட்ஃபார்ம்எர்ரர் சரியான செய்தியைக் காண வேண்டும்.

டெஸ்ட் பச்சை காட்டியதும் வியூவில் உள்ள 3 புத்தக நிபந்தனையை வேண்டுமென்றே கமென்ட் செய்து மறுபடி ஓட்டுங்கள். சிவப்பாகாத டெஸ்ட் வெறும் அலங்காரம்.

டெஸ்ட் கிளையன்ட் சிஎஸ்ஆர்எஃப் சோதனையை (வேறு தளத்திலிருந்து வரும் போலிப் படிவங்களைத் தடுப்பது) தாண்டிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. டெம்ப்ளேட்டில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை விட்டுவிட்டால் டெஸ்ட்கள் ஓடும், நிஜ வாசகருக்கு 403 (அனுமதி மறுப்பு) வரும். படிவப் பக்கத்தை கெட் கோரிக்கையால் எடுத்து, அதில் சிஎஸ்ஆர்எஃப்மிடில்வேர்டோக்கன் என்ற மறைபுலம் இருக்கிறதா என்று அசெர்ட்கன்டெயின்ஸால் பாருங்கள். ஒரே வரிதான்.

தமிழ்த் தரவு போடுபவர்களுக்குத் தனியாகச் சில தொல்லைகள். பாடங்களில் டெஸ்ட் தரவு எப்போதும் ஆங்கிலத்தில் இருப்பதால் இவை கடைசிவரை வெளியே வருவதில்லை. புத்தகத் தலைப்பிலிருந்து ஸ்லக்கிஃபை மூலம் முகவரி உருவாக்கினால், தமிழ்த் தலைப்புக்கு வெற்றுச் சரம் கிடைக்கும். அந்தப் புலம் யுனீக் என்றால் இரண்டாவது புத்தகத்திலேயே பிழை. அலவ்_யுனிகோட் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். தீராது: பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. ‘தமிழ்’ என்பது ‘தமழ’ என்று வந்து நிற்கும். முகவரியில் புத்தகத்தின் எண்ணையே பயன்படுத்துவது மேல். இதே காரணத்தால் ‘குமார்’ என்ற பயனர்பெயரையும் ஜாங்கோவின் பதிவுப் படிவம் ஏற்காது.

தேடலிலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதை ஒற்றை ஒகரக் குறியோடும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் யுனிகோட்டேட்டாவின் நார்மலைஸ் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். டெஸ்ட்டில் ஒரு தலைப்பை ஒரு வடிவில் சேமித்து, மற்ற வடிவில் தேடுங்கள்.

தலைப்பின் மேக்ஸ்_லெங்த்தும் குறிகளைத் தனியாக எண்ணும்: ‘தமிழ்’ கண்ணுக்கு 3 எழுத்து, கணக்கில் 5. ஜாங்கோவின் இயல்பான டேட்டாபேஸான எஸ்க்யூலைட் இந்த வரம்பைக் கண்டுகொள்ளாது, சேவ் மெத்தடும் மாடலின் மதிப்புகளைச் சரிபார்க்கும் ஃபுல்_கிளீன்-ஐத் தானாக அழைப்பதில்லை. போஸ்ட்கிரஸோ நீளம் மீறினால் நிராகரிக்கும். சர்வரில் எந்த டேட்டாபேஸோ, டெஸ்ட்டும் அதிலேயே ஓடட்டும்.

இரவல் பட்டியல் பக்கத்தில் புத்தகத் தலைப்பைக் காட்டினால், 20 வரிக்குப் பட்டியலுக்கு 1, தலைப்புக்கு 20 என 21 க்வெரி (டேட்டாபேஸ் கேள்வி) போகும். செலக்ட்_ரிலேட்டட் சேர்த்தால் 1 ஆகும். லாகின் செய்திருந்தால் செஷனுக்கும் பயனருக்கும் மேலும் 2. அசெர்ட்நம்க்வெரீஸில் 3 என்று எழுதி, 20 இரவல்களோடு ஓட்டுங்கள். ஒரே ஒரு இரவலோடு ஓட்டினால் குறை பளிச்செனத் தெரியாது.

கெடு நினைவூட்டல் மின்னஞ்சலை ஆன்_கமிட்டில் (டேட்டாபேஸ் மாற்றம் உறுதியான பின் ஓடுவது) போட்டிருந்தால், டெஸ்ட்டில் அனுப்பிய மின்னஞ்சல்கள் சேரும் மெயில்.அவுட்பாக்ஸ் டெஸ்ட்கேஸில் காலியாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே கமிட் நடப்பதே இல்லை. கேப்சர்ஆன்கமிட்கால்பேக்ஸை எக்ஸிக்யூட் ட்ரூ என்று கொடுத்து, அதற்குள் போஸ்ட் செய்யுங்கள்.

ஓட்டும் கட்டளை பைத்தான் மேனேஜ்.பிஒய் டெஸ்ட். டெஸ்ட்கள் பெருகியதும் கீப்டிபி (டேட்டாபேஸை மறுபடி உருவாக்காது), பேரலல் இரண்டும் நேரத்தை மிச்சப்படுத்தும். அவ்வப்போது ஷஃபில் கொடுத்து வரிசையைக் கலைத்தால், ஒன்றையொன்று சார்ந்திருக்கும் டெஸ்ட்கள் பிடிபடும். டேபிளில் அந்த நெடுவரிசை இல்லை என்ற பிழை வந்தால், மாடலை மாற்றிவிட்டு மைக்ரேஷன் எழுத மறந்திருக்கிறீர்கள். கிட்டில் கமிட் செய்யும் முன் மேக்மைக்ரேஷன்ஸை செக் ஆப்ஷனோடு ஓட்டினால் இதைத் தவிர்க்கலாம். அட்டைப்படம் பதிவேற்றும் டெஸ்ட் இருந்தால் மீடியா ரூட்டை ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு மாற்றி வையுங்கள். ரோல்பேக் டேட்டாபேஸ் வரிகளை மட்டுமே அழிக்கும், ஃபைல்கள் டிஸ்க்கிலேயே கிடக்கும்.