புருவம் உயர்ந்தால் ‘ஆம்’: யூப்பிக் குழந்தைகளிடம் பணிபுரியப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குழந்தையிடம் “நாளைக்கும் வருவாயா?” என்று கேட்கிறீர்கள். பதில் வரவில்லை. குனிந்து, குரலை உயர்த்தி மறுபடியும் கேட்கிறீர்கள். அப்போதும் பேச்சில்லை. கூச்சம் போலிருக்கிறது என்று எண்ணி அடுத்த குழந்தையிடம் நகர்ந்துவிடுகிறீர்கள். ஆனால் முதல் முறை கேட்டபோதே அந்தக் குழந்தை இரண்டு புருவங்களையும் லேசாக உயர்த்தியது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துப் பூர்வகுடிகளான யூப்பிக் மக்களிடையே அதற்கு ‘ஆம்’ என்று பொருள். மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’.

அலாஸ்காவின் தென்மேற்கில், யூக்கான், கஸ்கோக்விம் என்னும் இரு பேராறுகள் பெரிங் கடலைச் சேரும் சதுப்புச் சமவெளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. பெரும்பாலான ஊர்களில் சில நூறு பேர்தான். வெளியுலகிலிருந்து சாலை கிடையாது. பெத்தெல் என்ற சிறு நகரம் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து இன்னும் சிறிய விமானத்தில் போக வேண்டும். கோடையில் படகு; ஆறு உறைந்துவிட்டால் அதன் மேலேயே வண்டி ஓடும். கோடை முகாம், நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி, தேவாலய விடுமுறை வகுப்பு, பள்ளியில் வாசிப்புத் துணை என்று பல வேலைகளுக்குத் தன்னார்வலர்கள் இங்கே வருகிறார்கள். நல்ல மனத்தோடு வருகிறவர்கள் செய்யும் தவறுகளையே முதலில் சொல்கிறேன். கெட்ட மனத்தோடு வந்தவர்களைப் பற்றியும் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

மௌனத்தை வெறுமை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன. கேள்வி கேட்டதும் பதில் வந்துவிட வேண்டும் என்று பழகியவருக்குச் சில நொடி அமைதியே கனமாகத் தெரியும். உடனே அதைத் தன் பேச்சால் நிரப்பிவிடுவார். யோசித்துப் பேசுவதுதான் மரியாதை என்று வளர்ந்த குழந்தைக்கு, வாய் திறக்கும் நேரத்தில் வாய்ப்புப் பறிபோகிறது. நான்கு நாள் இப்படி நடந்தால் அது பேசவே முயலாது. அந்தக் குழந்தைக்கு ‘மந்தம்’ என்று ஒரு முத்திரையும் விழுந்துவிடும். எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

இங்கே குழந்தைகள் பார்த்துக் கற்கிறார்கள். பாட்டி சால்மன் மீனை அரிவதை ஒரு சிறுமி பல நாள் பக்கத்தில் நின்று கவனிப்பாள். கை வரும் என்று தோன்றிய பிறகே கத்தியை எடுப்பாள். “எல்லார் முன்னாலும் வந்து செய்து காட்டு” என்று முதல் நாளே அவளை அழைப்பது, தவறு செய்யச் சொல்லி மேடையேற்றுவது போன்றது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று அதட்டுவதும், ஒரு குழந்தையை மட்டும் கூட்டத்தில் உயர்த்திப் புகழ்வதும் கூச்சத்தையே தரும். கத்திக் கண்டிப்பது இன்னும் மோசம். கடுஞ்சொல் குழந்தையின் மனத்தையே காயப்படுத்தும் என்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை. ஆகவே நீங்களே உட்கார்ந்து எதையாவது செய்யத் தொடங்குங்கள். காகிதம் வெட்டலாம், பட்டம் ஒட்டலாம். பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கில் கூடைப்பந்தை எடுத்துப் போட்டால் ஊரே வந்துவிடும். கேள்விகள் பிறகு தாமாகவே வரும்; பெரும்பாலும் அவர்களிடமிருந்து.

அடுத்தது பெயர். இதைத் தமிழர்கள் எளிதில் புரிந்துகொள்ள முடியும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அதுதான் பேரன் ஆயிற்று. தன் தந்தையின் பெயரை மகனுக்கு வைத்துவிட்டு அவனைப் பெயர் சொல்லி அதட்டத் தயங்கும் தாய்மாரும் நம்மிடம் உண்டு. யூப்பிக் மரபு இன்னும் ஆழமாகப் போகிறது. அண்மையில் இறந்தவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்குச் சூட்டுகிறார்கள். பெயரோடு அவரில் ஏதோ ஒன்றும் வந்துசேர்கிறது. உறவு முறைகளும் கூடவே வருகின்றன. முதியவர் ஒருவர் நான்கு வயதுச் சிறுமியை “அம்மா” என்று அழைத்தால், அது கொஞ்சல் மட்டுமல்ல. இறந்தவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் பெயர் தாங்கிய குழந்தைக்குக் கொடுப்பதும் பழைய வழக்கம். இது தெரியாமல் “அவள் எப்படி உங்களுக்கு அம்மா ஆவாள்?” என்று சிரித்தாலோ, வாயில் நுழையவில்லை என்று குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்தாலோ எதன் மேல் கை வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

மொழியிலும் இதே கவனம் வேண்டும். சில ஊர்களில் குழந்தைகள் இன்றும் யூப்பிக் பேசியே வளர்கிறார்கள். பல ஊர்களில் ஆங்கிலம்தான் முதலில் வருகிறது. அதற்கு ஒரு காரணம், பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக முன் தலைமுறையினர் தண்டிக்கப்பட்டது. இப்போது பெத்தெலில் அயாப்ருன் என்ற பள்ளி யூப்பிக் மொழியிலேயே பாடம் நடத்துகிறது. இரண்டு வாரம் தங்கப் போகிறவர் அங்கே குழந்தைகளின் ஆங்கிலத்தைத் திருத்தப் புறப்பட வேண்டாம். ‘குயானா’, அதாவது நன்றி, என்ற சொல்லையாவது அவர்களிடம் கற்றுக்கொண்டு திரும்புங்கள்.

அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். கோடை என்பது மீன் காலம். கஸ்கோக்விம் ஆற்றில் பெரிய சால்மன் குறைந்துவிட்டதால், வலை போட அனுமதிக்கும் நாளையும் மணி நேரத்தையும் அறிவித்துத்தான் மீன்பிடிக்க விடுகிறார்கள். அன்றைக்கு உங்கள் முகாமில் யாரும் இருக்க மாட்டார்கள். பழம் பறிக்கும் நாள்களிலும் அப்படியே. குழந்தை முதன்முதலில் பிடித்ததையும் பறித்ததையும் முதியவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அந்தப் படிப்பு உங்கள் வகுப்பைவிடப் பெரியது. ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள்.

மூட்டை கட்டும்போது சில: உங்கள் உணவை நீங்களே கொண்டு செல்லுங்கள், கடையில் விலை மிக அதிகம். பல கிராமங்கள் வாக்கெடுப்பின் மூலம் மதுவைத் தடை செய்திருக்கின்றன. அங்கே ஒரு புட்டி கொண்டுபோவதும் குற்றம். குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் உண்டு, எனவே தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். வானிலை கெட்டால் விமானம் நாள்கணக்கில் வராது.

இப்போது கசப்பான செய்தி. மேற்கு அலாஸ்காவின் பூர்வகுடிக் கிராமங்களில் பாதிரியார்களும் தேவாலயப் பணியாளர்களும் குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய வழக்குகளில், கத்தோலிக்கத் துறவற அமைப்பான இயேசு சபையின் ஓரிகன் நிர்வாகப் பிரிவு 2007-இல் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அன்றைய குழந்தைகளில் பலர் இன்று தாத்தா பாட்டிகள். வெளியிலிருந்து ‘சேவைக்கு’ வரும் முகத்தை அவர்கள் நிதானித்துப் பார்த்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னணிச் சோதனையை அவமதிப்பாக நினைக்காதீர்கள். எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். நீங்கள் தங்கியிருக்கும் அறைக் கதவைக் குழந்தைகள் உரிமையோடு தட்டுவார்கள். வெளியே வந்து, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் பேசுங்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகத் தோன்றினால் நீங்களே துருவி விசாரிக்காமல், நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் சொல்லி, மாநிலக் குழந்தைகள் நலத் துறைக்கும் தெரிவியுங்கள்.

“உன்னை என்னோடே கூட்டிப் போய்விடலாம் போலிருக்கிறது” என்று பாசத்தில்கூடச் சொல்லக் கூடாது. உயர்நிலைப் பள்ளிக்காகப் பிள்ளைகளைத் தொலைதூர விடுதிகளுக்கு அனுப்பிவைத்த மண் அது. சொந்த ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று மாலி ஹூச் என்ற யூப்பிக் மாணவியின் பெயரால் 1972-இல் தொடங்கிய வழக்கு 1976-இல் உடன்பாட்டில் முடிந்த பிறகே, ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளிகள் வந்தன.

படமெடுப்பதிலும் கவனம் வேண்டும். கரை அரிப்பால் நியூடோக் என்ற ஊரே மெர்டார்விக் என்ற புது இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் குழந்தைகளைப் பரிதாபத்தின் முகமாக இணையத்தில் போடுவதற்கு முன், பெற்றோரிடம் அனுமதி கேட்டீர்களா?

யூப்பிக் மொழியில் விடைபெறும்போது ‘இது முடிவல்ல’ என்று பொருள்படும் சொல்லைச் சொல்கிறார்கள். வந்து பழகிவிட்டுப் போகிறவர்களை இந்தக் குழந்தைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதே கிராமத்துக்கு வர முடியுமானால் அங்கேயே வாருங்கள், வேறு ஊரைத் தேடாதீர்கள். வர முடியாதென்றால் அதைக் கடைசி நாளில் விமானத்தடியில் சொல்லாமல், முதல் வாரத்திலேயே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள்.